என் குரலில் பேசுகிறவள்

...நல்லவேளை ஆறிப்போன காபி, இல்லாவிட்டால் தலைமையாசிரியையின் மேஜையோடு என் மானமும் வெந்திருக்கும், ஆனால் ஆறினதோ கொதிச்சதோ, கருவிக்கு எல்லாம் ஒன்றுதான், "சட்டம் என்ன சொல்லுதுன்னா மேடம்" என்று விரலை உயர்த்தியவன் நான்தானே, விரல் உயர்ந்தது, முழங்கை கோப்பையைத் தட்டியது, கோப்பை மகளின் பேசும் பலகைமேல் கவிழ்ந்தது, சட்டம் என்ன சொல்லுது என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. பேசும் பலகை என்றால் ஒரு டேப்லெட், கட்டம் கட்டமாகச் சொற்கள், வாய் பேச வராத என் பதின்மூன்று வயது மகள் தொட்டால் அது சொல்லும். என் குரலில் சொல்லும். அதில் முதலில் இருந்த பெண்குரல் "எனக்குப் பசிக்கிறது" என்பதை ரயில் தாமதம் மாதிரி அறிவித்தது, பொறுக்காமல் அத்தனை சொல்லையும் நானே பேசிப் பதிந்தேன், பம்பு செட்டு விற்ற தொண்டை, ஆக என் மகள் இத்தனை வருஷமாக "ரிப்பன் கட்டு" என்பதைக்கூடச் சளி பிடித்த ஆம்பளைக் குரலில்தான்... இப்போது அது "அப்பா அப்பா அப்பா" என்று விக்கிவிட்டு அணைந்தது. தன் குரல் சாவதைத் தானே பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கைக்குட்டையால் துடைக்கிறேன், துடைக்கத் துடைக்கக் காபி இன்னும் உள்ளேதான் போகிறது, "விடுங்க சார், நீங்க துடைச்ச வரைக்கும் போதும்" என்கிறார் பேச்சுப் பயிற்சி அம்மா, மகள் என்னைப் பார்க்கவில்லை, சக்கர நாற்காலியில் சாய்ந்து ஜன்னலையே பார்க்கிறாள், கோபமா, சிரிப்பை அடக்குகிறாளா, எனக்குத் தெரியாததா... தெரியவில்லை. வகுப்பில் அவளுக்கு உதவ ஓர் ஆளைத் தர வேண்டியது பள்ளியின் கடமை என்று சட்டம் இருக்கிறது, அதைச் சொல்லிச் சொல்லி இந்தப் படியேறியே செருப்பு தேய்ந்தது, ஆள் வரும்வரை நானே உட்கார்கிறேன் என்று வேலையை விட்டேன், பக்கம் திருப்ப, தண்ணீர் கொடுக்க, குட்டி நாற்காலியில் முட்டி காதைத் தொட, பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஃபெயிலான அங்கிள். இப்போது ஆள் கிடைத்தாயிற்று, திங்கட்கிழமை வருகிறாளாம், ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவன் ஏன் "புது ஆளுக்கு அவளப் புரியாது மேடம், நானும் கூடவே உக்காந்துக்கறேனே" என்று கெஞ்ச வந்திருக்கிறேன்? கல்யாணம் நிச்சயமான பிறகு மாப்பிள்ளை வேண்டாம் என்கிற தரகன் மாதிரி... வீட்டில் என்ன இருக்கிறது, அவள் அம்மா வேறு வீடு, வேறு வாழ்க்கை என்று போயாயிற்று, பகலில் அங்கே என்னோடு பேச குக்கர் ஒன்றுதான், அதுவும் மூன்று விசிலோடு பேச்சை முடித்துக்கொள்ளும்.

"அவ விருப்பத்தையும் கேக்கணும் சார், அதுவும் சட்டம்தான், அந்தப் பக்கத்த மட்டும் நீங்க படிக்கலயா?" என்கிறார் தலைமையாசிரியை, "அவ விருப்பம் எனக்குத் தெரியாதா மேடம், ஒரு கட்டத்தத் தொட்டா போதும், மிச்சத்த நானே சொல்லிடுவேன்" என்கிறேன், பெருமையாகத்தான் சொன்னேன், ஏன் யாரும் பாராட்டவில்லை? போன வாரம் இடைவேளையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி ஏதோ ரகசியம் சொல்ல இவள் காதருகே குனிந்தாள், என்னைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், "ஒண்ணுமில்ல அங்கிள்" என்று போய்விட்டாள், நான் சிரித்துக்கொண்டேன், இவள்? இவள் சிரித்தாளா? அவள் சொல்லியிருந்தால்தான் என்ன, இவள் பதில் என் தொண்டையில் அல்லவா வந்திருக்கும், எந்தப் பெண் தன் ரகசியத்துக்கு ஃபெயிலான அங்கிள் குரலில் பதில் கேட்பாள்...

பயிற்சி அம்மா சக்கர நாற்காலியில் தொங்கும் பையின் அடியிலிருந்து பழைய அட்டையை எடுக்கிறார், டேப்லெட் வாங்குமுன் நான் கட்டம் போட்டுச் சொல் எழுதிக் கொடுத்தது, ஓரமெல்லாம் பல் பட்ட அடையாளம். "கேளுங்க சார். கேட்டுட்டு சும்மா இருங்க." சும்மா இருப்பதா, நானா, பம்பு செட்டே வாங்க வராதவனுக்கும் பம்பு செட்டு விற்றவன்... "குட்டி, திங்கக்கிழமலேர்ந்து அப்பா கிளாஸுக்கு வரட்டுமா?" அவள் கை கிளம்புகிறது, நடுங்கி, விலகி, திரும்பி வந்து 'அப்பா'வைத் தொடுகிறது. "பாத்தீங்களா, அப்பா வேணுமாம்!" என்று பாதி எழுந்துவிட்டேன். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "அவ இன்னும் முடிக்கல சார்," என்றார் பயிற்சி அம்மா மெதுவாக. உட்கார்ந்தேன். வாய்க்குள் சொற்கள் முட்டுகின்றன, அப்பா வேணும், அப்பா பாவம், அப்பா மேல கோபம், எதையாவது எடுத்துக் கொடுக்கலாமா, கூடாது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், எவ்வளவு மெதுவாக வருகிறது இந்தக் கை, எப்போதும் இவ்வளவு மெதுவாகத்தான் வந்ததா, நான் ஒருநாளும் கடைசிவரை பார்த்ததே இல்லையா... விரல் 'வாசல்' மேல் நின்றது, பள்ளிக்கூடக் கேட்டுக்காக நான் போட்ட கட்டம். நகத்தால் ஒரு தட்டு. அங்கிருந்து கீழே, மூலைக்கு, 'போதும்'. அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

அப்பா. வாசல். போதும்.

அந்த நகச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது... இவ்வளவு நாளும் நான் யார் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?