வலப்பக்கத் தெரு

"பாலம் தாண்டினதும் இடது பக்கம் திரும்பணும். புரியுதா?" என்று விடுதி மேனேஜர் வழிகாட்டிப் பெண்ணிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

விருந்தாளிகளைக் காலையில் காடு மேடெல்லாம் நடத்திக் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. ஆறு வருஷமாக வலது பக்கம்தான். அங்கே ஒரு தெரு, அதைக் கடந்தால் மேடு, மேட்டில் ஏறினால் பள்ளத்தாக்கு முழுசும் காலடியில் கிடக்கும். இடது பக்கம் என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி! சேறும் முள்ளும்தான்.

"ஏன் சார்?"

"தெரு பூரா கொடி கட்டித் துணி தொங்குது. போட்டோவுல அசிங்கமா விழுதுன்னு விருந்தாளி ஒருத்தர் எழுதியிருக்கார். மீறிப் போனீங்கன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

அது அவள் குடியிருக்கும் தெரு. அசிங்கமாம்! அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வேலை போனால் வீடு என்னாகும் என்ற பயமும் கூடவே வந்தது, அதை மறைப்பானேன். அந்த வீட்டில் சம்பாதிப்பது அவளும் நாத்தனாரும் மட்டும்தான்.

எட்டுப் பேர் கிளம்பினார்கள். அவள்மேல் நம்பிக்கையில்லாமல் மேனேஜரும் கடைசியில் ஒட்டிக்கொண்டார். பாலம் தாண்டியதும் அவள் இடது பக்கம் ஓர் எட்டு வைத்தாள். வைத்த கால் கூசியது. "வாங்க, இப்படித்தான்" என்று வலது பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டாள். மேனேஜர் பல்லைக் கடித்தார். விருந்தாளிகள் முன்னால் கத்தவா முடியும்?

தெருவில் கொடிக்குக் கொடி வெள்ளை விரிப்புகள். கேமரா வைத்திருந்தவர் முகம் சுளித்தார். "யாரு துணிங்க இதெல்லாம்? வியூவையே மறைக்குது."

"உங்களுதுதான் சார். நேத்துக் காலையில உங்க கட்டில்லேருந்து எடுத்தது. விடுதி விரிப்பு அத்தனையும் இந்தத் தெருப் பொம்பளைங்கதான் துவைக்கிறோம்."

அவர் கேமராவைத் தாழ்த்தினார். கூட வந்த அம்மாள் ஒருவர் விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். விடுதியின் முத்திரை இருந்தது.

"நாளையிலேருந்து நீ வராதே!" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது மேனேஜருக்கு.

துணி அலசிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "என்ன அண்ணி, எதுக்கு இந்தக் குதி குதிக்கிறாரு?"

"நம்ம கொடித் துணி யார் கண்ணுலயும் படக் கூடாதாம். கூட்டிட்டு வந்தேன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாரு."

"அப்படியா சேதி!" நாத்தனார் வாளியிலிருந்து பிழியாத விரிப்புகளை அள்ளி மேனேஜர் கையில் திணித்தாள். "இந்தாங்க சார். யார் கண்ணுலயும் படாத இடமாப் பார்த்து நீங்களே காயப்போடுங்க." தண்ணீர் அவர் சட்டையில் வழிந்து ஷூவுக்குள் இறங்கியது. எதிர்வீட்டுக்காரி, "இதையும் பிடிங்க" என்று தன் கொடியிலிருந்த விரிப்புகளை உருவ ஆரம்பித்தாள்.

வழிகாட்டிப் பெண் நிமிர்ந்து நின்று விருந்தாளிகளைப் பார்த்தாள். "நாளையிலேருந்துதானே வர வேண்டாம்னாரு? இன்னைக்கு மேடு பாக்கி இருக்கு. ஏறுங்க, வெயில் வந்துடும்."

எட்டுப் பேரும் அவள் பின்னால் ஏறினார்கள்.