கம்பி கட்டிய சோக்

சூரியன் மலைக்கு மேல் ஏறிவிட்டது. முற்றத்து வாளித் தண்ணீர் இன்னும் உறைந்து பாறையாகவே கிடந்தது. டொமிங்கா பழைய பிக்கப் வண்டியின் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது, இரண்டு முறை இருமியது, நின்றது. பக்கத்தில் மூன்று போர்வைக்குள் சுருண்டிருந்த தங்கை ஹுஸ்தாவும் இருமினாள்.

அவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நேற்றிலிருந்து மூச்சு விசிலடித்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பாதை. ஊரில் வேறு வண்டி இல்லை.

"விட்டுடுக்கா. வெயில் ஏறினா தானா ஓடும்."

"நீ பேசாதே. மூச்சை வீணாக்காதே."

புருஷன் சிலி நாட்டுக்குச் சுரங்க வேலைக்குப் போனதிலிருந்து வண்டி டொமிங்காவின் பொறுப்பு. கொழுந்தன் வில்பர் கையைப் போஞ்சோக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"பெட்ரோல் குழாய்ல தண்ணி உறைஞ்சிருக்கும் அண்ணி."

வெந்நீரில் துணி முக்கிக் குழாய் நெடுகச் சுற்றினார்கள். அரை மணி நேரம் போனது. குழாயைக் கழற்றினால் பெட்ரோல் நன்றாகவே வந்தது. மாட்டி மறுபடி முடுக்கினாள். அதே இருமல்.

பெடலை மிதிக்க மிதிக்க இன்னும் சீக்கிரம் நின்றது. புகை கறுக்கவில்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. பெட்ரோல் போதாமல் காற்று மிஞ்சிப்போகிறது என்று அவளுக்குப் பட்டது. குளிரில் கிளம்பும்போது காற்றைக் குறைக்கும் சோக் கைப்பிடியை இழுத்தாள். எதையும் பற்றாமல் லேசாகக் கையோடு வந்தது.

காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்தாள். கார்புரேட்டர் வாயை மூட வேண்டிய தகடு கம்பியால் கட்டப்பட்டுத் திறந்தபடி நட்டுக்குத்தாய் நின்றது. கேபிள் அறுந்து தொங்கியது.

"இது யார் வேலை?"

வில்பர் தரையைப் பார்த்தான். "டிசம்பர்ல நான்தான் கட்டினேன். பெட்ரோலை ரொம்பக் குடிச்சுது. வெயில் காலத்துல நல்லாத்தானே ஓடுச்சு?"

"இப்ப ஜூலை, நடுக்குளிர் காலம்டா! வந்ததுமே சொல்றதுக்கென்ன?"

"நீ திட்டுவியேன்னு... குழாயாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன் அண்ணி."

திட்டுவதற்கு நேரமில்லை. கம்பியை வெட்டி எறிந்தாள். தகடு தானாகச் சாயவில்லை.

"கையால மூடு. நான் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமா திற."

வில்பர் உள்ளங்கையால் கார்புரேட்டர் வாயைப் பொத்தினான். டொமிங்கா சாவியைத் திருப்ப, இன்ஜின் பிடித்து உறுமியது. "திற... இன்னும் கொஞ்சம்..." அவன் விரல்கள் நீலம் பாய்ந்தன, ஆனால் எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் சத்தம் சீரானது. அவன் மூடியை மாட்டிவிட்டுப் பின்பக்கம் தாவி ஏறினான்.

பாதி வழியில் ஹுஸ்தா மூச்சின் விசில் சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று டொமிங்கா நினைத்தாள், நினைக்க விரும்பினாள். நிறுத்திப் பார்த்தால் வண்டி மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் அவளோடு பேசிக்கொண்டே ஓட்டினாள். உருளைக்கிழங்கு விலை, ஈனப்போகும் லாமா, எதையெதையோ பேசினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாதி ஓடிவந்து ஹுஸ்தாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றாள்.

"எப்போம்மா மூச்சு நின்னுச்சு?"

டொமிங்கா போர்வையைத் தங்கையின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

மதியம் கையெழுத்தெல்லாம் போட்ட பிறகு, அதே போர்வைகளால் சுற்றித் தங்கையைப் பின்பக்கம் கிடத்தினார்கள். வில்பர் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்த அரை மணி நேரம்..."

"அதைச் சொல்லாதே. இப்ப சொல்லாதே."

சாவியைத் திருப்பினாள். வெயிலில் நின்ற இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. பின்னால் வில்பர் வாய்விட்டு அழுதான். டொமிங்கா திரும்பிப் பார்க்காமல் கியரைப் போட்டாள்.