சேதி தெரியாதவளின் பாட்டு

எழுபத்தெட்டாம் வருஷத்துத் திருவிழாவில் அந்த ரிக்கார்டைப் போடாத ரேடியோ செட் தூத்துக்குடியில் இல்லை. பெரிய கோயில் தெருவில் ஒரு ஒலிபெருக்கிக் குழாயில் முடிந்த பாட்டு, கடற்கரைப் பக்கம் இன்னொரு குழாயில் தொடங்கும். உறையின் முன்பக்கம் மாதா படம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'பாடல், மெட்டு: பிளாரன்ஸ்' என்று ஒரு வரி. பட்டணத்தில் பிறந்த சரக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அது பிறந்தது ஒரு அடுப்படியில், கருவாட்டுப் பானைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில். அந்த வீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கு அது தெரியும்.

ஒருத்தி பிளாரன்ஸ். கன்னியர் மடத்துத் தையல் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள். இன்னொருத்தி அவள் மாமியார் அந்தோணியம்மாள். இருவருக்கும் நடுவில் ரோச் என்று ஒருவன் இருந்தான். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணியில் போனவன், எழுபத்து நாலு ஐப்பசிப் புயலில் தோணியோடு போய்விட்டான். கூடப் போனவர்களில் சிலருடைய உடல் கரை ஒதுங்கியது. ரோச் ஒதுங்கவில்லை.

செத்தவனுக்குக் கல்லறை இல்லாத கஷ்டம் கல்லறை இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். சுண்ணாம்பு அடிப்பார்கள், பூப்போடுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக் கதை பேசுவார்கள். மாமியாரும் மருமகளும் மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஏற்றுவதென்று தெரியாமல் நிற்பார்கள். கடைசியில் கடலைப் பார்த்த மதில் ஓரமாக ஏற்றுவார்கள். கடல்காற்று அதை நிற்கவிடாது. அந்தோணியம்மாள் காற்றைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புவாள்.

டேப்ரிக்கார்டர் அந்த வீட்டுக்கு வந்தது கிளாட்வினால். அவன் ரோச்சின் சேக்காளி, வெளிநாட்டுக் கப்பலில் வேலை. சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தான். "மைனி, நீங்க போடுத மெட்டெல்லாம் காத்தோட போவுது. இதுல புடிச்சி வையுங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

பிளாரன்ஸ் பிடித்து வைக்க ஆரம்பித்தாள். மீன் கழுவும்போது ஒரு மெட்டு வரும். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் இரண்டு பித்தானையும் சேர்த்து அமுக்குவாள். முதலில் சொல்லே இருக்காது, வெறும் 'லாலா'தான். மறுநாள் ஆர்மோனியத்தோடு பாடுவாள். அடுத்த வாரம் சொல் ஏறும், அதற்கடுத்த வாரம் ஒரு சரணம் உதிரும். ஒரே பாட்டு ஒரே கேசட்டில் குழந்தை வளர்வதைப்போல வளர்ந்துகொண்டு போகும். கூடவே காக்கை, துறைமுகத்துச் சங்கு, கருவாட்டுக்காரி கூவுவது என்று தெருவும் கேசட்டுக்குள் வந்துவிடும். அந்தோணியம்மாள் அதையெல்லாம் ஆசையாகக் கேட்பாள். "ஏளா, நம்ம கோழி என்ன அழகா பாடுது பாரு" என்பாள்.

அந்த வீட்டில் அப்போது கரண்டு கிடையாது. எல்லாம் பேட்டரிக் கட்டைதான். செத்துப்போன கட்டையை உடனே தூக்கி எறிகிறவன் நம் ஊரில் உண்டா? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வற்றல் மிளகாய் பக்கத்தில் அதையும் காயவைப்பார்கள். தூத்துக்குடி வெயிலுக்குச் செத்த கட்டைக்கும் கொஞ்சம் உயிர் வரும். பிளாரன்ஸும் அப்படித்தான் காலத்தை ஓட்டினாள்.

மாதாவுக்கு, அந்தோணியாருக்கு, கிறிஸ்துமஸுக்கு என்று பதினோரு பாட்டு தேறியது. பன்னிரண்டாவது ரோச்சுக்கு. அதை அவள் மனதுக்குள்ளேயே போட்டு, மனதுக்குள்ளேயே திருத்திக்கொண்டிருந்தாள். மாமியார் காதில் விழும்படி பாடத் தைரியம் இல்லை.

கிளாட்வின் அடுத்த லீவில் வந்தபோது, சென்னையில் ஒரு ரிக்கார்டுக் கம்பெனியில் ஜீவமணி என்ற இசையமைப்பாளரைத் தெரியும் என்றான். நம் ஜில்லா நாசரேத்துக்காரர், கடற்கரைப் பக்திப் பாட்டாக ஒரு முழு ரிக்கார்டுக்குத் தேடிக்கொண்டிருக்கிறார், கேசட்டைக் கொடுங்கள் என்றான். அவன் ரயிலேறும் அன்று மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பிளாரன்ஸ் பன்னிரண்டாவது பாட்டைப் பாடிப் பிடித்தாள். நல்ல கட்டை இல்லை. சுவரில் காய்ந்ததை எடுத்துப் போட்டாள். திருப்பிப் போட்டுக் கேட்டபோது சரியாகவே இருந்தது. கனமாக, அடிக்குரலில், ஒவ்வொரு சொல்லும் இறங்க மனமில்லாமல் இறங்கியது. நன்றாக அழுது முடித்து, முகம் கழுவி, கேசட்டைக் கிளாட்வினிடம் கொடுத்தாள்.

சில மாதம் கழித்துத் தந்தி வந்தது. ரோச் சேதியும் தந்தியில்தான் வந்திருந்ததால், பிரிப்பதற்கு முன்பே அந்தோணியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாட்டெல்லாம் தேர்வாகிவிட்டது, ஒலிப்பதிவுக்கு வா என்று ஜீவமணி அனுப்பியிருந்தார். தனியாக அனுப்ப மனமில்லாமல் மாமியாரும் ரயிலேறினாள்.

ரயில் மதுரையைத் தாண்டியதும் பிளாரன்ஸ் சொன்னாள். "மாமி, அவருக்கும் ஒரு பாட்டு இருக்கு. உங்கட்ட சொல்லல."

அந்தோணியம்மாள் செபமாலையை உருட்டுவதை நிறுத்தினாள். "சாமத்துல நீ வாய்க்குள்ளயே முனங்குவியே, அதா?"

"அதுதான். அவருக்குக் கல்லறை இல்லைல்லா. ரிக்கார்டுல ஏறிட்டா அது நிக்கும்."

கிழவி லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவனுவள ஒரு எழுத்து மாத்த விடாத" என்றாள். அதற்குப் பிறகு சென்னை வரும்வரை மருமகளின் கையை விடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

ஒத்திகை அறையில் வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன், தபலா என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. பாடுவதற்குக் கிருபை என்ற பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அருமையான சாரீரம். முதலில் மாதா பாட்டு. அடுப்படியில் தனியாக நின்ற மெட்டு, புதுச்சேலை கட்டி நகை போட்டுக்கொண்டு வந்ததைப்போல இருந்தது. பிளாரன்ஸுக்குப் பெருமையாகவும் இருந்தது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்த கூச்சமும் இருந்தது.

பாட்டின் நடுவே ஓரிடத்தில் குரல் நின்று வயலின் மட்டும் நீளமாக அழுதது. ஜீவமணி பெருமையாகத் திரும்பினார். "ஏம்மா, இந்த இடத்துல நீங்க ஒரு மௌனம் விட்டிருக்கீங்களே, பெரிய வித்வானுக்குக்கூட இந்தத் துணிச்சல் வராது. அதுக்காகவே வயலினை வச்சேன்."

அந்தோணியம்மாள் மருமகள் காதில் கேட்டாள். "ஏளா, அங்கனதான பாலு பொங்கி நீ ஓடுன?"

பிளாரன்ஸ் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். வித்வத்துவம் என்று நாம் சொல்வதில் பாதி பால் பொங்கிய கதைதான் போலிருக்கிறது.

பதினொன்றும் முடிந்தன. "இனிமேதான் விஷயமே இருக்கு. இந்த ரிக்கார்டு ஓடுனா அது இந்தப் பாட்டால ஓடும். முதல் பாட்டா வைக்கப்போறேன். மூலத்தைக் கேட்டுட்டு நம்ம சரக்கைக் கேளுங்க" என்று ஜீவமணி கேசட்டைக் கரண்டில் ஓடும் பெரிய மெஷினில் போட்டார்.

ஒரு சின்னப் பெண் பாடினாள். கீச்சென்று இல்லை, ஆனால் இளங்குரல். துள்ளிக்கொண்டு போனது பாட்டு.

*பாய் தெரியுது பார் மாதாவே – அலை*
*பாதை கொடுக்குது பார்*
*காய்ந்த மணல் நனையும் முன்னே – என்*
*கண்ணாளன் வந்திடுவார்.*

"யாருளா இது பாடுதது?" என்றாள் அந்தோணியம்மாள்.

பிளாரன்ஸுக்கும் ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அது அவள் குரலேதான். அதற்குள் தபலாக்காரர் பிடித்துக்கொண்டார், கிருபை பாட ஆரம்பித்தாள், அக்கார்டியன் குலுங்கியது. கேசட்டில் இருந்த வேகம் போதாதென்று இவர்கள் வேறு ஒரு பங்கு சேர்த்திருந்தார்கள். கேட்கிறவனுக்குக் காலில் தாளம் தானாக வரும்.

"நிறுத்துங்க சார்" என்றாள்.

வெயிலில் காய்ந்த கட்டையின் கதையைச் சொன்னாள். மெஷின் சோர்ந்து ஓடும்போது பிடித்தது. வீட்டில் அதே சோர்ந்த கட்டையில் போட்டுக் கேட்டதால் வித்தியாசம் தெரியவில்லை. இங்கே கரண்டில் ஓடும்போது வேகமும் ஏறி, சுருதியும் ஏறிவிட்டது. ஜீவமணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப இந்தப் பாட்டு?"

"கடல்ல போனவருக்குப் பாடுனது சார்."

ஆர்மோனியம் இல்லாமல், கட்டியபடியே பாடிக்காட்டினாள். தபலாக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். கிருபை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகனுடைய பாட்டை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்ட அந்தோணியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜீவமணி நல்ல மனிதர். பட்டணத்துப் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது அவருக்கு. "தப்பா நெனைக்காதம்மா. நாளைக்குத்தான் ரிக்கார்டிங். நான் உக்காந்து மாத்தி எழுதிருதேன். நீ பாடுனபடியே போட்டுரலாம்."

"அப்படியே இருக்கணும்யா" என்றாள் அந்தோணியம்மாள். "எம் மவனுக்கு வேற ஒண்ணும் இல்ல."

விஷயம் முடிந்துவிட்டது. வந்த காரியம் ஜெயித்துவிட்டது. பிளாரன்ஸ் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள், "அந்தக் கேசட்ட இன்னொரு தடவ போடுங்க சார்" என்றாள்.

மறுபடியும் அந்தப் பெண் பாடினாள். இந்த முறை பிளாரன்ஸ் சொற்களைக் கவனித்தாள். முழுப் பாட்டிலும் சாவு என்ற சொல் இல்லை. புயல் இல்லை. எழுதும்போது அந்தச் சொல்லுக்குக் கை வரவில்லை. இழுத்துப் பாடினால் போதும், அதிலேயே தெரிந்துவிடும் என்று விட்டிருந்தாள். இழுவையை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன மிச்சம்? கரையில் நிற்கிற ஒருத்தி. தலைக்குக் குளித்து, பூ வைத்து, முயல்தீவுக்கு அந்தப் பக்கம் பாய் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறவள். அவளுக்குத் தந்தி வரவில்லை. அன்று பிளாரன்ஸ் ஓடியதைப்போல, தைத்துக்கொண்டிருந்த துணியில் ஊசியை விட்டுவிட்டு மடத்து வாசலுக்கு அவள் ஓடி வரவில்லை.

பிளாரன்ஸுக்கு அந்தப் பெண்மீது பொறாமையாக இருந்தது. பொறாமைக்குப் பிறகு, சொல்லத் தெரியாத ஒரு பாசம் வந்தது.

"சார், இது இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"எப்படி?"

"வேகமா. நீங்க போட்ட தபலாவோட."

அந்தோணியம்மாள் திரும்பினாள். "கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

"பாடுதவளுக்கு இன்னும் சேதி போவல மாமி. அவ பாட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கா. நான் போயி எப்படிச் சொல்ல?"

"அப்ப எம் மவனுக்குக் கல்லறை?"

பிளாரன்ஸ் முடிவை மாற்றவில்லை. ஜீவமணி இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நொட்டேஷன் தாளை மடித்து வைத்தார். மறுநாள் பாட்டு வேகமாகவே பதிவானது.

திரும்பும் ரயிலில் கிழவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊருக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் சொன்னாள், "எம் மவன் சாவுக்குத் தபலா அடிச்சிட்டு வந்திருக்கா." சோறு வைத்தால் சாப்பிடுவாள், எண்ணெய் தேய்த்துவிட்டால் தலையைக் கொடுப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. அந்த வருஷம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு இருவரும் தனித்தனியாக மதில் ஓரம் போய் வந்தார்கள். காற்று இரண்டு திரியையும் அணைத்தது.

ரிக்கார்டு வந்தது. ஜீவமணி சொன்னது பலித்தது. திருவிழாக் கொடி ஏறியதிலிருந்து அந்தப் பாட்டுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் அதற்கு அடி எடுத்து வைத்தார்கள், ராட்டினத்தில் பெண்பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். ஒவ்வொரு முறை அது தொடங்கும்போதும் அந்தோணியம்மாள் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். சாத்துகிற ஒவ்வொரு முறையும் பிளாரன்ஸுக்கு மனதை அறுத்தது. தாய்க்குக் கொடுக்க வேண்டியதை யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோமே என்று மாதாவிடம் போய் அழுதாள். பாட்டு கேட்டவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். ஒரு பாராட்டும் உடம்பில் ஒட்டவில்லை.

தேருக்கு முந்தின நாள் மத்தியானம், கிழவி முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டெதிரே கம்பத்தில் கட்டிய குழாயில் அந்தப் பாட்டு தொடங்கியது. மாமியாரின் கையெல்லாம் மீனாக இருக்கிறதே என்று பிளாரன்ஸ் தானே ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்" என்றாள் அந்தோணியம்மாள்.

மீன்கையோடு எழுந்தாள். வாசலில் போய் நின்றாள். திருவிழாக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிற தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. வெயில் கூசிக் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டாள், மீன் செதிள் நெற்றியில் ஒட்டியது தெரியாமல்.

பாட்டு முடிந்தது. குழாய் கரகரவென்றது. கிழவி அங்கேயே நின்றாள்.

"ஏளா" என்றாள் திரும்பாமல். பல மாதம் கழித்து அவள் மருமகளைக் கூப்பிட்டது அப்போதுதான்.

"என்ன மாமி?"

"அவன் வந்து சேருததுக்குள்ள நிப்பாட்டிட்டானுவளே. போயி இன்னொருக்கா வைக்கச் சொல்லு."