ஒரே தாளத்தில் ஏழு பாட்டு

1

இந்தக் கதை ஓர் இசைத்தட்டின் பின்னட்டையிலிருந்து வந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சூரிச், 1986. ஜமேக்காவின் ரெகே இசையில் பழைய பாணித் தாளம் ஒன்றைப் புதிதாக வாசித்து, அதன்மேல் ஏழு பேர் ஏழு பாட்டுப் பாடியிருக்கிறார்கள். ஆறு பேருக்குப் பெயர் உண்டு. தமிழில் பாடிய ஏழாமவனுக்கு இல்லை. ஆகவே பெயரையும் மீதியையும் நான்தான் இட்டுக்கட்டுகிறேன்.

2

லாங்ஸ்ட்ராச தெருவில் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த...

(வெட்டியாயிற்று. சுவிஸ் கதையென்றால் பனி கொட்டியே ஆகவேண்டுமா?)

குணசேகரம் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. இரண்டாம் விசாரணை அடுத்த செவ்வாய். அவன் கழுவிக்கொண்டே பாடுவதைக் கேட்ட சமையல்காரன் கிளைவ், ஜமேக்காவில் பிறந்தவன், அவனை ஒலிப்பதிவுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே முதல் ஆறு பாட்டையும் போட்டுக் காட்டினார்கள். குணசேகரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறுக்கும் பின்னால் அச்சு மாறாமல் ஒரே வாசிப்பு, ஒரே தாளம்! அடுத்தவன் மெட்டைத் திருடிப் பாட அவன் தயாரில்லை.

கிளைவ் விழுந்து விழுந்து சிரித்தான். தாளம் எல்லோருக்கும் பொது, சொல் மட்டும் உன்னுடையதாக இருக்கவேண்டும் என்றான்.*

* ரெகேக்காரர்களின் வழக்கம் இது. எழுத்தாளர்களிடம் இருந்திருந்தால் இதற்குள் வெட்டுக்குத்து நடந்திருக்கும்.

3

சொந்தச் சொல் என்று தேடினால் அவனிடம் ஒன்றுதான் இருந்தது. ஞாயிறன்று வீட்டில் அதைப் பாடிப் பார்த்தான். ஊரில் அண்ணனை ஆமி பிடித்துக்கொண்டு போகிறது; தம்பி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறான்; அண்ணன் கண்டும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவன் மனைவி பத்மினி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"நீங்கள் அண்டைக்கு வீட்டில இல்லையெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"தம்பித்துரை அண்ணைதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர். உள்ளுக்க இருந்தனான் எண்டா, அப்ப உன்னை ஆமி ஏன் விட்டது எண்டு விசாரணையில கேப்பாங்களாம்."

(தம்பித்துரை முந்தி வந்து இங்கே தங்க அனுமதி வாங்கியவர். அவர் யோசனையைத் தட்டுகிற துணிச்சல் யாருக்கு வரும்?)

"அது விசாரணைக்கு. எனக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அப்போது குணசேகரத்தின் கண்களில்—

(இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. எழுதுகிற எனக்கும்தான்.)

"வெக்கம், பத்மினி."

அவள் மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். "பாடுங்கோ," என்றாள். "ஆனா பேர் போடவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

4

திங்களன்று பாடினான். அதற்கு இசைத்தட்டு சாட்சி. செவ்வாய் விசாரணைக்கு என்னிடம் சாட்சி இல்லை.

அதிகாரி பழைய வாக்குமூலத்தைப் புரட்டுகிறார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்கிறார்: "அண்ணனைப் பிடிக்கேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

முடிவு அ: "வீட்டில இல்லை." முன்பு சொன்னதோடு பொருந்துகிறது. தங்கலாம். வெளியே பத்மினி காத்திருக்கிறாள். அவளிடம் போய் என்ன சொல்வான் என்பது எனக்கு எழுத வரவில்லை.

முடிவு ஆ: "கட்டிலுக்குக் கீழ." முன்னுக்குப்பின் முரண். விமானத்தில் ஏற்றிவிடலாம்.

இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். மொழிபெயர்ப்பாளர் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும்: அது தவறிப்போனால் திருப்பி அனுப்பப்படுவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.