வாசல் பாத்தியில் முளைக்காத டூலிப்

இருநூறு டூலிப் பூக்கிழங்குகளை நட்டால் வசந்தத்தில் பதினொன்று மட்டும் ஏன் முளைக்கிறது என்று யோஸ்டுக்குப் புரியவில்லை. இரண்டு வருடமாக இதே கதை. முப்பத்தோரு வருடம் ஹில்லெகோம் என்ற ஊர்ப் பக்கம் பூக்கிழங்குப் பண்ணையில் நடவு மேற்பார்வை பார்த்தவர் அவர். அவருடைய பாத்திதான் மொட்டையாகக் கிடந்தது.

அதுவும் ஊர்க்காரர்கள் பாத்தி பிரித்துப் பயிரிடும் தோட்டச் சங்கத்தின் வாசலை ஒட்டிய பாத்தி. உள்ளே வருகிற எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். மூன்றாவது வசந்தமும் இப்படியே போனால் அதைப் பக்கத்துத் தோட்டக்காரி மார்லூஸுக்குக் கொடுத்துவிடுவதாகச் சங்கம் கடிதம் எழுதிவிட்டது.

மார்லூஸ் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்கிறவள். கிழங்குகளைக் கை நிறைய அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசுவாள். விழுந்த இடத்தில் குழி போட்டுப் புதைப்பாள். கோழிக்குத் தீனி போடுகிறவள்கூட இதைவிடக் கவனமாகப் போடுவாள் என்பது யோஸ்டின் அபிப்பிராயம். மண்ணைக் கொத்துவது கிடையாது. டூலிப்புக்கு நடுவே டாஃபடில் பூக்கிழங்கையும் கலந்துவிடுவாள். ஆனாலும் ஏப்ரலில் அவள் பக்கம்தான் பூத்துத் தள்ளியது.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை யோஸ்ட் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மார்லூஸ் காப்பிக் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்றாள்.

"என்ன பெரியவரே, இந்த வருஷமும் அளவெடுத்தாச்சா?"

"பாத்துக் கத்துக்க. மண்ணைக் கொத்தி நீளப் பள்ளம். ஒரு கிழங்குக்கும் அடுத்ததுக்கும் நாலு விரல். ஒரே கோடு, ஒரே ஆழம். இதுக்குப் பேரு நடவு. நீ பண்றது குப்பை கொட்டுறது."

"என் குப்பை பூக்குதே."

"குருட்டு அதிர்ஷ்டம்."

"அஞ்சு வருஷமாவா?"

யோஸ்ட் ஒரு கிழங்கைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து காட்டினார். நடுவே நகக்கண் அளவில் வெளிர்பச்சையாக ஒரு மொட்டு.

"பூ இப்பவே உள்ளே தயாரா இருக்கு. மூணு நாலு மாசம் குளிர்ல கிடந்தாத்தான் தண்டு நீளும். அதனாலதான் இலையுதிர் காலத்துலயே நடுறோம். போன் எடுத்து ஆள் பேரு எழுதுற வேலை இல்லம்மா இது."

"சரி, பூ தயாரா இருக்கு. குளிரும் தானா வருது. அப்போ உங்க கிழங்கெல்லாம் எங்க போவுது?"

யோஸ்ட் எரிச்சலோடு போன வருட வரிசை ஒன்றை மண்வெட்டியால் திறந்தார். அழுகல் இல்லை, நோய் இல்லை. கிழங்கே இல்லை. பழுப்புத் தோல் துணுக்குகள் மட்டும் கிடந்தன. ஒரு சாண் ஆழத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வழவழப்பாக ஒரு துளை. மூங்கில் குச்சியை உள்ளே விட்டார். இரண்டு மீட்டர் குச்சியும் தடங்கலின்றிப் போயிற்று, போன வருடம் அவர் கயிறு கட்டிய கோட்டிலேயே.

பண்ணையில் எலி பிடிக்கத் தனியாக ஓர் ஆள் இருந்தான். அவனை யோஸ்ட் ஒரு நாளும் மதித்ததில்லை. இப்போது அவன் வேலை புரிந்தது. நிலத்தடி எலிக்கு இறுகிய மண்ணைக் குடைவது பாடு. பொலபொலவென்று கொத்திப் போட்ட நீளப் பள்ளம் கிடைத்தால் அதன் வழியே ஓடிக்கொண்டே தின்னும். பிழைத்த பதினொன்றும் வரிசையில் இடம் போதாமல் மிஞ்சியவை. கொத்தாத மூலையில், குச்சியால் குத்திச் செருகியவை.

மார்லூஸ் எட்டிப் பார்த்தாள். "ரோடும் போட்டு, நாலு விரலுக்கு ஒரு சாப்பாடும் வெச்சிருக்கீங்க. எலிங்க உங்களைத்தான் சங்கத் தலைவராக்கணும்."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எங்க தெரியும். முட்டி வலி, அதான் கொத்துறதில்ல."

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அறிவிடம் தோற்றிருந்தால்கூடப் போகட்டும், சோம்பேறித்தனத்திடம் தோற்றிருக்கிறார். நன்றி சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டினார், எலி வளையை மிதித்து மூடினார், அந்த வாரமே வேறு மாதிரி நட்டார்.

ஏப்ரலில் நூற்றெண்பத்திரண்டு பூத்தன. பாத்தி அவரிடமே நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு அவர் சொன்னது இவ்வளவுதான்: பள்ளம் வெட்டாதே, மண்ணைக் கொத்தாதே. இறுகிய மண்ணில் கிழங்குக்கு ஒரு குழியாக, கோடு பிடிக்காமல் தள்ளித் தள்ளி நடு. நஞ்சென்று எலி தொடாத டாஃபடிலை இடையிடையே வை. குழியை மூடிக் காலால் அழுத்து.