கடிதத்தின் முதற்பக்கம்

தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று ஐந்து.

கயிறு அசையவில்லை. செபமாலை மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கயிற்றைப் பார்த்தான். கயிற்றிலிருந்து எடுத்து மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தான். முத்துக்குளிக்க இறங்கினால் ஐம்பத்தைந்து விநாடியில் யாகப்பர் கீழிருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். தோணியில் கயிறு பிடித்து நிற்கும் ஆதம்பாவா உடனே தூக்குவார். நல்ல நாளில் அறுபத்தெட்டு. அதற்குமேல் அவர் ஒருநாளும் நின்றதில்லை. பன்னிரண்டு நாளாக விநாடி தவறாமல் செபமாலை கொப்பியில் குறித்து வைத்திருந்தான்.

"நூறாச்சோ?" என்று ஆதம்பாவா கேட்டார்.

"நூற்றிரண்டு."

ஆதம்பாவா கயிற்றை இழுத்தார். சிப்பி அள்ளுகிற வலைக்கூடை மட்டும் வந்தது. வெறுங்கூடை. கூடையோடு வரவேண்டிய மனிதர் வரவில்லை.

"யோசேப்பு, இறங்கு," என்றார்.

யோசேப்பு யாகப்பருடைய சோடி. ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். இன்னும் வாங்கி முடியவில்லை. ஆனாலும் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற கல்லில் காலை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டான்.

செபமாலையின் வலக்கையில் மணிக்கூடு இருந்தது. இடக்கையில் கடிதம். இரண்டு தாள், இரண்டாவது தாள் மேலே.

தோணி அவனுடைய தகப்பனுடையது; அவர்தான் சம்மாட்டி. மன்னார்ப் பள்ளிக்கூடம் விடுதலை விட்டதும் விஞ்ஞான ஆசிரியரிடம் மணிக்கூட்டை இரவல் வாங்கிக்கொண்டு சிலாபத்துறைக்கு வந்துவிட்டான். ஆறடி ஒரு பாகமாக, மனிதனின் மூச்சு எத்தனை பாக ஆழத்தில் எத்தனை விநாடி தாங்கும் என்று கணக்கெடுத்துக் காட்டவேண்டும் என்பது அவன் எண்ணம். முதல் நாளே ஆதம்பாவா சிரித்தார். "சம்மாட்டியார்ர மகன் எங்கட மூச்சையும் அளந்து விக்கப்போறார். யாகப்பண்ணே, பாத்து விடுங்கோ." யாகப்பர் மட்டும் ஒவ்வொரு முறை மேலே வந்ததும், காதில் தண்ணீர் வடிய, "எத்தினை, தம்பி?" என்று கேட்பார். அறுபதைத் தாண்டினால் பல் தெரியச் சிரிப்பார்.

நேற்றிரவு குடிதண்ணீர் கொண்டுவரும் தோணியில் பேசாலையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. விடியற்காலை புறப்படச் சொல்லும் வெடி கேட்டுத் தோணிகள் புறப்பட்ட அவசரத்தில் அதை மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். யோசேப்பு கீழே போயிருந்த நேரம், ஈரக்கையைத் தலைத்துண்டில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"என்ர முறை வர முதல் வாசிச்சுப்போடு, தம்பி. வீட்டுப் புதினம்தான்."

செபமாலை முதற்பக்கத்தின் மேலே கண்ணை ஓட்டினான். மழை, ஆடு, வேலி. கோயில் உபதேசியார் லோறன்ஸின் வட்டமான எழுத்து. நேரமோ இல்லை. தாளைப் புரட்டினான். விஷயம் அங்கேதான் இருந்தது. அதை வாசித்தான்.

"உம்முடைய மகள் றஞ்சிதம் செவ்வாய்க்கிழமை விடிய நாலு மணிக்கு இறந்துபோனாள். அன்று பின்னேரமே அடக்கம் செய்தோம்."

வாசித்து முடிக்கவும் யோசேப்பின் தலை மேலே தெரியவும் சரியாக இருந்தது. யாகப்பர் எழும்பினார். தன் முறைக்குத் தான் போகவேண்டும் என்பதுபோலக் கல்லில் காலை வைத்தார். வழமையாக இறங்குமுன் மூன்று தரம் ஆழமாக மூச்சை இழுப்பார். இன்றைக்கு இழுக்கவில்லை. செபமாலை அதைக் கண்டான். கண்டும், பழக்கத்தில் மணிக்கூட்டைத்தான் பார்த்தான்.

நூற்று இருபத்தெட்டில் இரண்டு தலைகள் தெரிந்தன.

தூக்கிப் போட்டபோது யாகப்பரின் உதடு நீலமாக இருந்தது. ஆதம்பாவா அவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினார். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று அழுத்தலுக்கு ஒருதரம் சொன்னார். தண்ணீர் வந்தது. பிறகு இருமல் வந்தது. மூக்காலும் ஒரு காதாலும் இரத்தம் வந்தது. யோசேப்பு தோணியின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டபடி, "கீழ சும்மா இருந்தவர்," என்றான். "கயிறு பக்கத்திலதான் கிடந்தது. பிடிக்கேல்லை."

செபமாலைக்கு அழுகை வரவில்லை. குனிந்து பார்த்தால் கொப்பி மடியில் விரிந்து கிடந்தது. யாகப்பர், ஒன்பது பாகம், 128. அவனுடைய எழுத்துத்தான். எப்போது எழுதினான் என்று தெரியவில்லை.

தோணி கரைக்குத் திரும்பியது. பாய் காற்றைப் பிடித்த பிறகு ஆதம்பாவா அவன் பக்கம் பார்க்காமலே பேசினார்.

"குளிகாரனுக்குச் சாவுக் கடுதாசியைக் கடலுக்க வைச்சு ஆரும் வாசிக்கிறேல்லை. மேலால பாத்தவுடன மடிச்சு வைச்சு, எல்லாரும் சுகமாம் எண்டிருக்கோணும். கரைக்குப் போய், சோறு திண்டாப் பிறகுதான் மிச்சம். உனக்கு இது தெரியாதோ?"

"தெரியாது."

"பள்ளிக்கூடத்தில என்னதான் சொல்லித் தாறாங்கள்?"

சொல்லித்தான் தந்தார்கள். தமிழ்ப் பாடத்தில் போர்க்களத்திலிருந்து ஒரு தூதன் வருவான். செத்தவனின் மனைவி வாசலில் நிற்பாள். தூதன் வந்த வழியைச் சொல்வான், புழுதியைச் சொல்வான், குதிரை தனியே திரும்பியதைச் சொல்வான். அந்தப் பாடம் நடந்த அன்றைக்குச் செபமாலை எழும்பி, "செத்திட்டான் எண்டு முதல் வரியிலயே சொன்னா மிச்சம் மூண்டு பக்கமும் தேவையில்லை, சேர்," என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியார் கோபிக்கவில்லை. "அவளுக்கு மூச்சு எடுக்க நேரம் வேணாமோ?" என்று மட்டும் கேட்டார். அது ஒரு பதிலா என்று அவன் அன்றைக்குப் பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தான்.

"தம்பி." யாகப்பர் கண்ணைத் திறந்திருந்தார். குரல் உடைந்து வந்தது. "அந்தக் கடுதாசியை முழுக்க வாசி."

செபமாலை ஆதம்பாவாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் முதற்பக்கத்தை எடுத்து வாசித்தான்.

"அன்புள்ள தம்பி யாகப்பருக்கு, லோறன்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே ஞாயிறு இரவு மழை பெய்தது. உம்முடைய வள்ளத்தை நாங்கள் நாலுபேர் சேர்ந்து மேட்டுக்கு இழுத்து வைத்தோம். ஆடு குட்டி போட்டுவிட்டது. குட்டிக்குப் பெயர் வைக்கவேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டாள். சனிக்கிழமை தொடக்கம் அவளுக்குக் காய்ச்சல். முருங்கனிலிருந்து வைத்தியர் வந்து பார்த்தார். திங்கள் பின்னேரம் சுவாமியார் வந்து செபம் சொல்லித் தைலம் பூசினார். உம்முடைய வீட்டுக்காரியை எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு நிமிஷமும் தனியே விடவில்லை. வேலி ஓரமெல்லாம் சனம். இதை வாசிக்கிறவர் இந்த இடத்தில் நிறுத்தி, யாகப்பருக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுக்கவும்."

அவன் நிறுத்தினான். ஒரு மழைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பின்னால் லோறன்ஸ் இவ்வளவு நேரம் அந்த மனிதரின் கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாக நடத்திக் கொண்டுவந்திருக்கிறார். வரிகளில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. எடுத்தால் என்ன ஆகும் என்பது கொப்பியில் இருந்தது.

ஆதம்பாவா சிரட்டையில் தண்ணீர் வார்த்து யாகப்பரின் வாயில் வைத்தார். அவர் குடித்தார். கொஞ்சம் நெஞ்சில் வழிந்தது. செபமாலை இரண்டாவது தாளை எடுத்தான்.

"அது வேண்டாம்," என்றார் யாகப்பர். "அதைக் கேட்டிட்டன்."

கரை தெரிந்தது. கொட்டில்களின் புகை, முத்துக்குளிப்பை நடத்தும் துரையின் கந்தோரில் பறந்த கொடி. யாகப்பரின் ஒரு கன்னத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. அவர் கோபமாக இல்லை. கூடையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார்.

"அவசரமெண்டு நான்தான் சொன்னனான். ஆனா எழுத்துத் தெரிஞ்சவன் நீ. இவ்வளவும் முன்னுக்கு இருந்ததே, தம்பி. ஏன் அதை விட்டனீ?"