பார்க்கப் போகக் கூடாது

புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பின் மாடிப்படியில், சாத்துக்குடிப் பையோடு ஜெயக்கொடி மூச்சு வாங்க நின்றபோது கைப்பேசி அடித்தது. வக்கீல் சுப்பராயன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார். பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவள் எடுக்கவில்லை.

டோல்கேட் பகுதியில் அவளுக்கு எண்ணெய்க்கடை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஊரையே அதட்டுகிறவள், விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் தானே வாளியோடு இறங்கி வாசல்படியில் தண்ணீர் தெளிப்பாள். லட்சுமி வருகிற வேளையில் படி காய்ந்து கிடக்கக் கூடாது. அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டாள். ஒரு நாள் எண்ணெய் டின் ஒன்று ஒழுகிய பிசுக்கு படியில் இருந்தது. பார்த்தாள், அப்புறம் துடைக்கலாம் என்று அதன் மேலேயே தெளித்துவிட்டாள். தன் பஜ்ஜிக்கடைக்கு எண்ணெய் வாங்க வந்த ரமாபாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட இருந்தவளைத் தடுத்தது சுப்பராயன்தான்.

"போகவே கூடாதும்மா. போய் நின்னாலே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. நஷ்ட ஈடுன்னு கடையையே கேப்பாங்க. படியையும் மாத்தாதீங்க. ஆபத்துன்னு தெரிஞ்சுதானே மாத்தினீங்கம்பாங்க."

படித்த மனிதர், சரியாகத்தான் சொல்வார் என்று இவளும் வாயையும் காலையும் கட்டிக்கொண்டாள். யாரும் பார்க்காத நேரத்தில் படியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள், தன் கடையிலேயே திருடியைப் போல. இந்த ஊரில் ஒருத்தி இடுப்பொடிந்து கிடக்கும்போது எட்டிப் பார்க்காமல் இருப்பதைவிடப் பெரிய வாக்குமூலம் உண்டா என்ன? அது சட்டப் புத்தகத்தில் இல்லை போலும்.

ரமாபாய் வீடு திரும்பிய பிறகுதான் நஷ்ட ஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. புருஷன் போன பிறகு ஜெயக்கொடி தனியாளாக நிமிர்த்திய கடை. அது போனால் வேறு நாதியில்லை. அந்தப் பயத்துக்கும் மேலே ஒரு வெட்கம். சாயங்காலம் தவறாமல் சூடான பஜ்ஜியைக் கல்லாவுக்கே கொண்டுவந்து நீட்டிய கை, அவளுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இனி அந்தப் பக்கம் தலைவைத்தால் கேஸே போச்சு என்று சுப்பராயன் கத்தினார். கத்தட்டும் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் ரமாபாய், பாதியாக இளைத்திருந்தாள்.

"இன்னாக்கா, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?"

"எப்படி இருக்க, ரமா?" ஜெயக்கொடி சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைத்தாள்.

"ஆஸ்பத்திரில வாசலையே பாத்துகினு கெடந்தேன். கேஸு போடலாம்னு எம்பொண்ணு சொன்னப்போகூட, அக்கா வரட்டும், அப்பால பாக்கலாம்னேன். நீ வர்ல."

சுவரோரம் நின்றிருந்த மகள் சங்கமித்ரா போனைத் தூக்கிப் பிடித்தாள். மறைக்கவெல்லாம் இல்லை.

"ஆன்ட்டி, நீங்க வந்தா பேசறத வீடியோ எடுக்கச் சொல்லிகீறாரு எங்க வக்கீலு."

ரமாபாய் மகளைப் பார்த்தாள். கீழே வை என்று சொல்லவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள்.

"நின்னுகினே இருப்பியா? உக்காரு. சொல்லுக்கா, நான் எப்டி வுழுந்தேன்?"

ஜெயக்கொடி உட்கார்ந்தாள். கட்டில் அசைந்ததில் ரமாபாயின் முகம் வலியில் சுருங்க, இவள் கை தன்னையறியாமல் அந்த இடுப்பைத் தாங்கிப் பிடித்தது. போன் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.